கேமிங் லேப்டாப்புக்கு எடை குறைந்த சார்ஜர் தேடுகிறவர்களுக்கு

கடையில் லேப்டாப் வாங்கும்போது எல்லாரும் லேப்டாப்பைத்தான் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். பெட்டி ஓரத்தில் தனியாகக் கிடக்கும் அடாப்டரை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. என்னுடைய 16 அங்குல கேமிங் லேப்டாப்போடு வந்தது 230 வாட் அடாப்டர். சுவரில் செருகுகிற தடித்த ஒயரோடு சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். வீட்டு மேஜைக்கு அடியில் கிடக்கும்வரை அது பெரிய விஷயமில்லை. ஆனால் என் பிழைப்பு மேஜையில் இல்லை. திருச்சியில் இருந்துகொண்டு கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். காலையில் முகூர்த்தத்தை எடுத்து அன்று மாலை ரிசப்ஷனிலேயே திரையில் போட்டுக் காட்டுகிற 'சேம் டே எடிட்'தான் இப்போது எல்லாரும் கேட்பது. அதனால் லேப்டாப்போடு ஊர் ஊராக, மண்டபம் மண்டபமாக அலைய வேண்டியிருக்கிறது. பையில் ஏற்கெனவே லென்ஸ், ஹார்ட் டிஸ்க், கார்டு ரீடர் எல்லாம் இருக்கும். அதற்கு மேல் இந்தக் கட்டை. ரயிலில் தோள் வலியோடு போய்விடும். விமானத்தில் கைப்பை 7 கிலோவைத் தாண்டினால் கவுன்ட்டரில் தகராறு.

சரி, பயணத்துக்கு மட்டும் எடை குறைந்த சார்ஜர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். இன்று நான் பயன்படுத்துகிற சார்ஜர், கேபிள் இரண்டும் சேர்ந்து 4,600 ரூபாய். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஏறத்தாழ 6,000 ரூபாய் தண்டம். ஒரு கல்யாணத்தில் மானம் போகிற நிலை வேறு. இந்த விவரமெல்லாம் எந்த விளம்பரத்திலும் இல்லை, கடைக்காரர்களும் சொல்வதில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் போனது லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு. இதே மாடலுக்குச் சின்ன அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த சீரியல் நம்பருக்கு இதே 230 வாட்தான் சார் காட்டுது" என்றார். விலை 8,500 ரூபாய். அதே எடை. டைப்-சி வழியாக சார்ஜ் ஏற்றலாமா என்று கேட்டதற்கு, "ஏத்தலாம் சார், ஆனா நாங்க ரெகமண்ட் பண்றதில்ல" என்றார். எத்தனை வாட் வரை ஏற்கும், எந்தத் துளையில் ஏற்கும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்த இரண்டு பதில்கள் அன்றே கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அடுத்து, சென்னைக்கு வேலையாகப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் கிடைக்காத பொருள் இல்லை என்று ஒரு நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. ஒரு கடையில் என் லேப்டாப்புக்குப் பொருந்தும் செவ்வகப் பின்னோடு மெல்லிசான அடாப்டர் ஒன்றை எடுத்துப் போட்டார்கள். ஸ்டிக்கரில் 230 வாட் என்றே இருந்தது. எடை பாதிகூட இல்லை. "ஒரிஜினல் மாதிரியே ஓடும் சார், ஆறு மாசம் கேரண்டி" என்று 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கடையில் செருகிப் பார்த்தேன், சார்ஜ் ஏறியது. ஏறத்தான் செய்யும். பேட்டரி ஏறக்குறைய நிறைந்து, சும்மா திரை எரிந்துகொண்டிருக்கும் லேப்டாப் 30, 40 வாட்டுக்கு மேல் கேட்காது. கடை கவுன்ட்டரில் செய்கிற சோதனையில் எந்த அடாப்டரும் தேறிவிடும்.

தேறாத இடம் தஞ்சாவூர் பக்கம் ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் சமையல்கட்டை ஒட்டிய அறை. மாலை ஆறு மணிக்கு வீடியோ ஓட வேண்டும். ஐந்தே காலுக்கு ரெண்டர் போட்டேன், அதாவது வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக எடுக்கும் கடைசி வேலை. ஐந்து நிமிடத்தில் அடாப்டரைத் தொட முடியவில்லை. பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி ஒரு வாசனை. பக்கத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்ததால் முதலில் அதுதானோ என்று நினைத்தேன். அப்புறம் சார்ஜர் அடையாளம் மறைந்து மறைந்து வந்தது, பேட்டரி 40 சதவீதத்துக்கு வந்துவிட்டது, கிராபிக்ஸ் கார்டின் வேகம் படுத்துவிட்டது. பையனின் அப்பா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஆறே முக்காலுக்கு, தரம் குறைத்து எடுத்த வீடியோவைப் போட்டேன். அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பிப் போனபோது அந்தக் கடையில், "லோடு அதிகமா குடுத்திருப்பீங்க சார்" என்றார்கள். 230 வாட் என்று எழுதிய பொருளுக்கு என் ரெண்டர் கேட்கும் 180 வாட் எப்படி அதிக லோடு ஆகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்தியாவில் விற்கும் லேப்டாப் அடாப்டருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். உடம்பில் 'ஆர்' என்ற எழுத்தோடு எட்டு இலக்க எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், என்ன பொருள், எந்த மாடல் என்று காட்டிவிடும். கடையிலேயே நின்றுகொண்டு ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். எண் இல்லை, அல்லது எண்ணைப் போட்டால் வேறு ஏதோ பொருள் வருகிறது என்றால் கையில் எடுக்காதீர்கள். அடுத்து, ஸ்டிக்கரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால்தான் 230 வாட். தலைப்பில் பெரிதாக 230 என்று போட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் 20 வோல்ட், 6 ஆம்பியர் என்று அச்சடித்த ஸ்டிக்கர்களைப் பிறகு நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பின் பொருந்துவதால் மட்டும் லேப்டாப் அதை ஏற்றுக்கொள்ளும் என்று இல்லை. டெல், எச்பி போன்ற பல லேப்டாப்களில் பின்னின் நடுவில் ஊசி போல ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குத் தகவல் போகிறது. லெனோவோவின் செவ்வகப் பின்னிலும் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. தகவல் சரியாக வராவிட்டால் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிலவற்றில் பேட்டரி ஏறவே ஏறாது. நேர்மாறாக, பொய்த் தகவல் கொடுக்கும் அடாப்டர் இருக்கிறதே, அது இதைவிட ஆபத்து. லேப்டாப் நம்பி இழுக்கும், அடாப்டர் வேகும்.

அதற்காக எடை குறைந்ததெல்லாம் போலி என்றும் முடிவு கட்ட முடியாது. சிலிக்கனுக்குப் பதிலாக காலியம் நைட்ரைடு பயன்படுத்தும் சார்ஜர்கள் வந்துவிட்டன. கடைகளில் 'கேன்' சார்ஜர் என்பார்கள். அதில் மின்சாரத்தை இன்னும் வேகமாக அணைத்து அணைத்து எரிய விடலாம். வேகம் கூடினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சிறியதாக இருந்தால் போதும். மின்சாரம் வீணாவதும் குறைவு என்பதால் சூடும் குறையும். அதனால் 100 வாட் சார்ஜர் இன்று உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. என் பார்வை டைப்-சி பக்கம் திரும்பியது அப்போதுதான்.

என் லேப்டாப்பில் இரண்டு டைப்-சி துளைகள், இடப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. பார்க்க இரண்டும் ஒன்றுதான். கூட வேலை செய்கிற தம்பியின் 65 வாட் சார்ஜரை வாங்கி இடப்பக்கத் துளையில் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப் டைப்-சியில் சார்ஜ் ஏறாது போல என்று விட்டுவிட்டேன். பின்னால் இருக்கும் துளையில் போட்டுப் பார்க்கத் தோன்றியது வெகுநாள் கழித்துத்தான், போட்டதும் ஏறியது. இடப்பக்கத் துளை டேட்டாவுக்கும் மானிட்டருக்கும் மட்டும். போனுக்கு மின்சாரம் கொடுக்கும், வெளியிலிருந்து வாங்காது. சில லேப்டாப்களில் சார்ஜ் ஏற்கும் துளைக்குப் பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரி படம் போட்டிருப்பார்கள்; சிலவற்றில் எதுவும் இருக்காது. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் கையேட்டைப் பதிவிறக்கி 'பவர் டெலிவரி' என்ற சொல்லைத் தேடுங்கள். துளை எது, வாட் எத்தனை என்று அங்கே இருக்கும். நாலு கடைக்காரர்களிடம் கேட்பதைவிட அது நல்லது.

இடையில் ஒரு கிளைக்கதை. டைப்-சி சார்ஜரைச் செவ்வகப் பின்னாக மாற்றும் ஒரு கேபிள் விற்கிறார்கள், 900 ரூபாய். பின்னால் துளை இருப்பது தெரியாத காலத்தில் அதையும் வாங்கினேன். தட்டச்சு செய்தால் ஏறும். டைம்லைனை ஓட்டினால் சார்ஜர் அறுத்துக்கொள்ளும், மறுபடி பிடிக்கும், மறுபடி அறுக்கும். லேப்டாப் பெரிய அடாப்டர் என்று நினைத்து இழுக்கிறது, சின்ன சார்ஜர் தாங்காமல் நின்றுவிடுகிறது. அந்தக் கேபிள் இப்போது ஏதோ டப்பாவில் கிடக்கிறது.

பெரிய அடி அதற்குப் பிறகு. கையேட்டில் என் பின்பக்கத் துளை 140 வாட் வரை ஏற்கும் என்று தெளிவாக எழுதியிருந்தது. நல்ல பெயருள்ள 140 வாட் கேன் சார்ஜர், சின்னத் திரையில் எத்தனை வாட் போகிறது என்று காட்டும் வகை, 7,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். செருகினால் 95, 96. எவ்வளவு லோடு கொடுத்தாலும் நூறைத் தாண்ட மறுக்கிறது. கேபிளை மாற்றினேன், பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தேன், சார்ஜர் கோளாறு என்று திருப்பி அனுப்பவும் ஆயத்தமானேன். அப்போது ஸ்டுடியோவுக்கு வந்த நண்பரின் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் அதே சார்ஜரைப் போட்டோம். பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தது, வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எண் 130-ஐத் தாண்டி ஓடியது. சார்ஜரில் கோளாறே இல்லை.

விஷயம் வோல்டேஜில் இருக்கிறது. யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது ஏற்பாட்டில் 20 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 100 வாட்தான் பழைய எல்லை. 2021இல் வந்த 3.1 பதிப்புதான் 28, 36, 48 வோல்ட் என்று ஏற்றி 140, 180, 240 வாட் வரை கொண்டுபோனது. அதன்படி 140 வாட் வேண்டுமென்றால் லேப்டாப் 28 வோல்ட் ஏற்க வேண்டும். ஆனால் சில லேப்டாப்கள் 20 வோல்ட்டிலேயே நின்றுகொண்டு, ஆம்பியரை 7 வரை ஏற்றி 135, 140 வாட் என்று சொல்கின்றன. அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜரோடு நடக்கும் வேலை. வெளியில் வாங்கும் 140 வாட் சார்ஜர் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான 20 வோல்ட், 5 ஆம்பியரில்தான் கை குலுக்கும். கையேட்டில் '140 வாட்' என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். பக்கத்தில் 28 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 100 வாட் சார்ஜருக்கு மேல் காசு போடுவது வீண். அந்த நண்பரே என் சார்ஜரை 5,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார், புண்ணியவான்.

நூறு வாட்தான் வரும் என்று ஆனபிறகுதான், என் வேலைக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்வி வந்தது. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் வாட் மீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். பெரிய அடாப்டரை மாட்டி, பேட்டரி நிறைந்தபின் ஒவ்வொரு வேலையாகச் செய்து பார்த்தேன். பிரவுசர், மெயில் என்றால் 35 வாட் பக்கம். ப்ராக்ஸி (தரம் குறைத்த நகல் வீடியோ) வைத்து வெட்டி ஒட்டினால் 60 முதல் 80. கலர் கரெக்‌ஷன் செய்து ஓட்டிப் பார்த்தால் 120. ரெண்டர் போட்டால் 170, 180. இதில் அடாப்டரில் வீணாகிற பத்து சதவீதம் போலவும் சேர்ந்திருக்கிறது. பயண வேலையில் முக்கால்வாசி நூறுக்குள்தான் ஓடுகிறது. மிச்சத்தைப் பேட்டரி ஈடுகட்டும். என் பேட்டரி 80 வாட்-அவர். வேலை 135 கேட்டு சார்ஜர் 95 கொடுத்தால் பற்றாக்குறை 40. நிறைந்த பேட்டரி கணக்குப்படி இரண்டு மணி நேரம் தாங்கும். கூடவே, டைப்-சியில் ஓடும்போது என் லேப்டாப் கிராபிக்ஸ் கார்டைத் தானே அடக்கிக்கொள்கிறது. எட்டு நிமிட ரெண்டர் பதினாலு நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான். முந்தின நாள் இரவே வீட்டில் ப்ராக்ஸி, வார்ப்புருக்கள் எல்லாம் தயார் செய்துகொண்டு, திரையை 165 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு இறக்கி, சைலண்ட் மோடில் வைத்துவிட்டால் சின்ன சார்ஜரே போதும். முழு நாள் 4கே வேலை, மூன்று கேமரா என்றால் மட்டும் பெரிய அடாப்டர் பையில் ஏறும். இதற்கு மாற்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

வாங்கியது 3,900 ரூபாய்க்கு ஒரு 100 வாட் சார்ஜர், 700 ரூபாய்க்கு 240 வாட் என்று அச்சிட்ட கேபிள். கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிள் தலையில் ஒரு சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளில் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்டுக்கு மேல் போகாது. சார்ஜர் 100 வாட், கேபிள் போனோடு வந்தது என்றால் 'சார்ஜர் சரியில்லை' என்று விமர்சனம் எழுதிக்கொண்டிருப்போம். அதேபோல மூன்று துளை உள்ள சார்ஜரில் 100 என்பது மொத்தம். போனைச் சேர்த்து மாட்டினால் லேப்டாப்புக்கு 65 என்று இறங்கும். மாட்டுகிற நொடியில் எல்லாம் ஒருமுறை அணைந்து மறுபடி பேசித் தீர்த்துக்கொண்டு வரும். ரெண்டர் நடுவில் உறவினர் யாராவது "தம்பி, போன் கொஞ்சம் சார்ஜ் போடுறேன்" என்று வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேறு பிளக்கைக் காட்டிவிடுகிறேன்.

கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பெரிய அடாப்டரையும் எடுத்துப் போக வேண்டியிருந்தது. அங்கே மூன்று சதுரப் பின் சாக்கெட். நம் விமான நிலையத்தில் வாங்கிய எல்லா நாட்டுக்குமான கனசதுர கன்வெர்ட்டரில் அடாப்டரை மாட்டினால், ஒயரின் கனத்துக்கே தலை தொங்கி லூசாகிறது, எர்த்தும் கிடையாது. இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பெரிய அடாப்டர்கள் பலவற்றில் சுவர்ப் பக்கத்து ஒயர் தனியாகக் கழன்று வரும். மேஜைக் கணினிக்குப் போடும் அதே ஒயர். லோ யாட் பிளாசாவில் அந்த ஊர் பின்னோடு ஒன்று வாங்கினேன், கன்வெர்ட்டர் தொல்லை தீர்ந்தது. அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் உலகத்தில் எங்கேயும் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். நம்மூரிலும் நீள ஒயருக்குப் பதிலாக ஐஎஸ்ஐ முத்திரை உள்ள குட்டை ஒயர் மாட்டினாலே நல்ல எடை குறைகிறது. இதை முதலிலேயே செய்து பாருங்கள், செலவு கொஞ்சம்தான். அப்புறம், இரண்டு பின் சார்ஜரில் ஓடும்போது உலோக உடம்பு லேப்டாப்பைத் தடவினால் கையில் சுரீரென்று மெல்லிய அதிர்வு தெரியும். எர்த் இல்லாததால் கசிகிற மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் உள்ள மூன்று பின் சார்ஜருக்கு மாறினால் பெரும்பாலும் போய்விடும்.

ரயிலில் சுவரோடு ஒட்டிச் செருகும் கட்டை வடிவ சார்ஜர் உதவாது; சாக்கெட் லூசாக இருந்தால் வண்டி ஆட்டத்தில் விழுந்துகொண்டே இருக்கும். ஒயர் வைத்த வடிவமாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டிகள் பலவற்றில் வருவது 110 வோல்ட்தான், ஆனால் இந்த சார்ஜர்களுக்கு அது போதும். இரவு வண்டியில் வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயின்ட்களை அணைத்து வைக்கச் சொல்லி 2021இல் ரயில்வே அறிவுறுத்தியது. விமான இருக்கையில் இருக்கும் சாக்கெட் பெரும்பாலும் 75 வாட் போலத்தான் தாங்கும். பேட்டரி காலியான லேப்டாப்பை 100 வாட் சார்ஜரோடு மாட்டினால் அந்த சாக்கெட் அணைந்துவிடலாம். பேட்டரியை நிறைத்துக்கொண்டு ஏறுங்கள். கையில் ஒரு 65 வாட் சார்ஜர் இருந்தால் அங்கே அதுவே சரி.